ஸ்டிக்கரில் இல்லாத குரல்

அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தாலும் எல்லோருக்கும் அவர் காயில்காரர்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். முப்பத்து நான்கு வயதில் கண் நரம்பு பட்டுப்போனது. இரண்டே வருடத்தில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும் என்றாகி, பிறகு அதுவும் இல்லை என்றானது. அதோடு மனிதர் மூலையில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். வார்னிஷ் எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். பழைய கம்பியை அறுத்தெடுத்து, கம்பி உட்காருகிற காடிகளை விரலால் தடவி எண்ணி, காப்புத் தாளை மடித்துச் செருகி, புதுக் கம்பியை ஒரு சுற்றுக்கூடப் பிசகாமல் சுற்றி முடிப்பார். பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து அதன் பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். அதே தெருவில் கண்ணுள்ள ஆட்கள் மூன்று பேர் கடை போட்டிருந்தார்கள். அவர்கள் கட்டிய மோட்டார் மறுபடி எரிந்தால் அது வந்து சேர்கிற இடம் காயில்காரர் கடை. இதை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொன்னால் என்ன? நடந்ததைத்தானே சொன்னார்.

இப்படிப்பட்ட கைக்குப் பேசுகிற போன் கிடைத்தால் அது சும்மா இருக்குமா? விரல் வைத்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போனே வாய்விட்டுப் படிக்கிற வசதி வந்ததும், மூன்றே மாதத்தில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார். பிறகு தன்னைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து, போனிலேயே ஒரு குழு தொடங்கினார். பார்வையில்லாதவர்கள், பாதிப் பார்வை உள்ளவர்கள் என்று நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். எழுத்து கிடையாது. எல்லாம் குரல்தான். காலை எட்டு மணிக்கு அவர் குரல் வந்துவிடும்.

"காயில்காரர் பேசுறேன். காதைக் கழுவிட்டு வந்து கேளுங்க."

பிறகு அன்றைய யோசனை. ஒரு கடுதாசியைப் போன் படிக்க வேண்டுமென்றால் கண்டபடி தூக்கிப் பிடிக்கக் கூடாது; போனைத் தாளின் நடுவில் படுக்க வைத்து, இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றி, நேரே ஒரு முழம் உயர்த்த வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியை மேஜையில் செங்குத்தாகப் போட்டால் துள்ளும், புதுசு துள்ளாது. குளியலறையில் இருக்கும் இரண்டு பாட்டிலில் ஒன்றுக்கு ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் ஷாம்புக்கும் தரை கழுவுகிற மருந்துக்கும் வித்தியாசம் தெரியும். விளக்கு எரிகிறதா இல்லையா என்பதைப் போனே சத்தம் போட்டுச் சொல்ல வைக்கலாம். ரோட்டில் நடக்கும்போது ஒரு காதுக்குத்தான் போன், இன்னொரு காது வண்டிக்காரனுக்கு. தானாகவே எல்லாவற்றையும் நகல் எடுத்து எங்கோ அனுப்புகிற வேலையைப் போனில் நிறுத்திவிடுங்கள், வீண் செலவு. இப்படித் தினம் ஒன்று. முடிக்கும்போது, "இது எந்தப் படிச்சவனும் சொல்லிக்குடுத்தது இல்ல, என் மண்டையில உதிச்சது" என்று ஒரு முத்திரை குத்தாமல் விடமாட்டார்.

வீட்டில் மட்டும் அவர் ஜம்பம் செல்லாது. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் விரிப்புகளை வெளுத்து மடித்து அடுக்குகிற வேலை. நாளெல்லாம் நின்று வீட்டுக்கு வந்தால், மனுஷன் போனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். "ஊருக்கெல்லாம் வழி சொல்ற போன், உங்க செருப்பு எங்க கிடக்குன்னு சொல்லாதா?" என்பார் அந்த அம்மா. நூற்று நாற்பது பேர் வாயடைத்துக் கேட்கிற மனிதர், அந்த ஒரு கேள்விக்குக் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருப்பார்.

பேசுகிற ஸ்டிக்கரை அவர் கண்டுபிடித்தது அந்த நாட்களில்தான். சட்டைப் பொத்தான் அளவு வட்டம், பின்னால் பசை. ஒரு டப்பாவில் ஒட்டி, போனைப் பக்கத்தில் கொண்டுபோய், மணி அடித்ததும் 'உப்பு' என்று சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு எப்போது போனைக் காட்டினாலும் சொன்ன குரலிலேயே 'உப்பு' என்று கேட்கும். ஒரு சுருள் முழுக்க வாங்கிவந்து குழுவில் பிளந்து கட்டினார். குரல் அந்த வட்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், கல்லில் செதுக்கின மாதிரி, எந்தப் போனைக் காட்டினாலும் பேசும் என்றார். அவருக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. காயில் கம்பியில் மின்சாரம் ஓடுவதைக் கையால் அறிந்தவருக்கு அது அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது, சொன்னார். நூற்று நாற்பது பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

மனைவி அந்தச் சுருளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து, திடீரென்று ஒருநாள் அந்த அம்மாவே கேட்டார். "அந்தப் பொத்தானைக் குடுங்க, நானும் நாலு ஒட்டிப் பாக்குறேன்." காயில்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம வீட்டம்மாவே வழிக்கு வந்துட்டாங்க என்று மறுநாள் குழுவில் தம்பட்டம் அடித்தார். அந்த அம்மா வயிற்றுக்குள் கட்டி இருப்பதை வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். வெளியூரில் இருக்கிற மகளுக்கு மட்டும் அது தெரியும். புருஷனிடம் சொல்லவில்லை.

நான்கு மாதம் அந்த அம்மா வீட்டைப் பேச வைத்தார். புருஷன் குளிக்கப் போனதும் அவர் போனை எடுத்து, ஒட்டிப் பேசி வைப்பார். வந்து கேட்கட்டும் என்று விட்டுவிடுவார். சர்க்கரை டப்பா, "இது சர்க்கரை. ரெண்டு ஸ்பூனுக்கு மேல போகாதீங்க, எனக்குத் தெரிஞ்சிடும்" என்றது. நீலச் சட்டையின் உள்பக்கம், "காலர் தேஞ்சு போச்சு. கடைக்கு மட்டும் போடுங்க, நல்ல இடத்துக்குப் போட்டுக்கிட்டுப் போய் என் மானத்தை வாங்காதீங்க" என்றது. அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஒரு புட்டி, "இது எலி மருந்து. உங்களுக்கு இல்ல" என்றது. பத்திரங்கள் இருந்த பெட்டி, "இதைத் திறக்கும்போது மகளும் கூட இருக்கட்டும்" என்றது. அதைக் கேட்டபோதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். காயிலில் ஒரு சுற்று குறைந்தால் கண்டுபிடிக்கிற மனிதருக்குப் பக்கத்தில் படுத்தவளின் உடம்பு குறைந்தது தெரியவில்லை. ஏன் சோர்வு என்று கேட்டதற்கெல்லாம், வேலை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா.

அந்த அம்மா கண்ணை மூடின பிறகும் வீட்டில் பேச்சு நிற்கவில்லை. காயில்காரருக்கு எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கைக்கே தெரியும். இருந்தாலும் போனை எடுத்துக் காட்டுவார். உப்பு வேண்டாதபோதும் உப்பு டப்பாவிடம் போவார். புதுப் புது இடத்தில் ஒரு வட்டம் கைக்குத் தட்டுப்படும், குடைப்பிடியில், ஜன்னல் கொக்கிக்குக் கீழே, அவரது பழைய ஸ்க்ரூடிரைவர் பெட்டியின் மூடியில். ஒவ்வொன்றிலும் ஒரு திட்டோ ஒரு கேலியோ இருக்கும். பதினோரு மாதம் அப்படி ஓடியது. மகள் கூப்பிட்டு எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்டால், "எனக்கென்ன, உங்கம்மா காலையிலேருந்து வாயை மூடல" என்பார்.

அப்போதுதான் குழுவில் ஒரு பஸ் கண்டக்டர் வந்து சேர்ந்தார். சர்க்கரை வியாதியில் பார்வை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. கையில் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். பேசவே கூச்சப்படுகிற மனிதர். காயில்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நான் புதுசு வாங்கிக்கிறேன், என்னோடதை நீங்க வெச்சுக்குங்க என்று குழுவிலேயே அறிவித்தார். கொடுப்பதைச் சும்மா கொடுப்பாரா? அதையும் ஒரு பாடமாக்கினார். போனை இன்னொருத்தருக்குக் கொடுக்கும் முன்னால் நம்முடைய சொந்த விஷயங்களைச் சுத்தமாகத் துடைப்பது எப்படி என்று எல்லோரும் கேட்கக் கேட்கச் செய்து காட்டினார். போன் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்றது. நிச்சயமாகவா என்றது. போன் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது அவர் வழக்கமில்லை. பாதியிலேயே விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஏழு நிமிடத்தில் வேலை முடிந்தது.

"பாத்தீங்களா, ஒரு தூசி கிடையாது உள்ள. பொறந்த குழந்தை மாதிரி இருக்கு" என்றார். குழுவில் கைதட்டுகிற சத்தத்தை அனுப்பினார்கள்.

மறுநாள் காலை டீ போட நின்றவர், புதுப் போனைச் சர்க்கரை டப்பாவிடம் காட்டினார்.

"புது ஸ்டிக்கர். மணி அடித்ததும் பெயரைச் சொல்லவும்" என்றது போன்.

புதுப் போனுக்கு இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டார். உப்பிடம் போனார். புது ஸ்டிக்கர் என்றது. நீலச் சட்டை, குடை, பெட்டி, எலி மருந்துப் புட்டி, எல்லாவற்றிலும் அதே வாக்கியம், அதே இரும்புக் குரல். ஒவ்வொரு மணிக்கும் வேண்டாம் என்று தட்டித் தட்டி விரல் மரத்துப் போனது. டீ அடுப்பிலேயே சுண்டிக் கருகியது.

கடையைத் திறக்காமல் நேராகப் போன் ரிப்பேர் செய்கிறவரிடம் போனார். அந்த ஆளும் நல்லவர்தான், நிதானமாகச் சொன்னார். ஸ்டிக்கருக்குள்ளே ஒரு நம்பர் மட்டும்தான் இருக்கும், வேறு எதுவும் அதில் பிடிக்காது. குரல் மொத்தமும் பழைய போனில் இருந்தது. நம்பரைக் காட்டினால் போன் தன்னிடம் இருந்த குரலை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான் விஷயம்.

"நகல் எங்கயாவது ஏத்தி வெச்சிருந்தீங்களா சார்?"

காயில்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். நகல் எடுப்பதை நிறுத்தச் சொல்லிப் பாடம் எடுத்தவரே அவர்தானே.

"துடைச்சு எத்தனை நாள் ஆச்சு?"

"நேத்து."

"நேத்தோ போன வருஷமோ, துடைச்சா துடைச்சதுதான் சார். உள்ள இருந்ததைத் திறக்கிற சாவியே போயிடும்."

கண்டக்டரிடம் போய்ப் போனை வாங்கி, ஒருமுறை எல்லா ஸ்டிக்கரிலும் காட்டிப் பார்த்தார். காரணம் சொல்லவில்லை. ஏதோ சோதிக்க வேண்டும் என்று சொல்லி வாங்கினார். அதுவும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னது. கண்டக்டர் அதற்குள் தன் பேரனின் சிரிப்பை மணியோசையாக வைத்திருந்தார். நடுவில் யாரோ கூப்பிட, அந்தக் குழந்தை காயில்காரர் கைக்குள் கலகலவென்று சிரித்தது. போனைத் துணியால் துடைத்துக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஐந்து வருடமாகக் காலையில் வீட்டிலிருந்துதானே பேசியிருக்கிறார்? பின்னால் எங்காவது அவள் குரல் விழுந்திருக்கும். குழுவில் ஒருவர் சேர்த்து வைத்திருந்த தன் பதிவுகளை வாங்கி, முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். மூன்று நாள் கேட்டார். எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான் பேசினார். காரணம் அவருக்கே தெரியும். ஒவ்வொரு காலையும் அவள் இட்லித் தட்டோ எதுவோ வைக்கிற சத்தம் கேட்டால், சாப்பிட வாங்க என்று ஒரு வார்த்தை விழுந்தால், பதிவு கெட்டுப்போச்சு என்று சலித்துக்கொண்டு, அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பேசுவார். சுத்தமான பதிவு என்று பெயர் வாங்கியவர் அவர். அத்தனை சுத்தமாக அவளைத் துடைத்திருந்தார். ஒரே ஒரு பதிவின் கடைசியில் மட்டும் அவர் குரலே, "செத்த நேரம் சும்மா இரேன்" என்றது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் பதிவு முடிந்துவிட்டது.

கடைசியாக மகளைக் கூப்பிட்டார். அவளிடமும் அம்மாவின் குரல் இல்லை. எப்போதும் நேரில் பேசுவதும் போனில் பேசுவதும்தானே, யார் சேர்த்து வைப்பார்கள்? மகள் வெகுநேரம் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் வந்து எல்லாத்துலயும் பேசி வைக்கட்டுமாப்பா? எனக்கு அம்மா குரல்தான்னு எல்லாரும் சொல்வாங்க" என்றாள்.

அது பாசத்தில் சொன்னது. அவருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "வேண்டாம்மா, நீ பிள்ளைங்களைப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மதியம் உடம்பு தாங்காமல் கட்டிலில் போய் விழுந்தார். பதினோரு மாதமாகச் சுவரோரம் தன் பக்கத்தில்தான் படுப்பார். அவள் பக்கத்துக்குக் கைகூட நீட்டியதில்லை, அங்கே ஆள் இல்லை என்று கைக்குத் தெரிய வேண்டாமே என்று. அன்றைக்குச் சோர்வில் எந்தப் பக்கம் விழுந்தோம் என்று பார்க்கவில்லை. அவள் தலையணையில் முகம் பதிந்திருந்தது. கை தானாகக் கட்டிலின் தலைப்பலகையைப் பிடித்தது. பலகைக்குக் கீழே, படுத்த வாக்கில் கை போய் நிற்கிற இடத்தில், ஒரு வட்டம் இருந்தது.

சட்டைப் பொத்தான் அளவு. ஓரமெல்லாம் நகத்தால் நன்றாக அழுத்தி ஒட்டியது. அவர் ஒருநாளும் தொடாதது.

என்றைக்காவது ஒருநாள் மனுஷன் இந்தப் பக்கம் வந்து படுப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குக் கேட்கட்டும் என்று ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உப்பும் சர்க்கரையும் சொல்கிற இடமில்லை அது. நான்கு நாளுக்கு முன்னால் அவர் இப்படிப் புரண்டு படுத்திருந்தால் கேட்டிருப்பார். மற்றதெல்லாம் போனாலும் மனப்பாடமாக இருந்தது, ஒவ்வொரு வார்த்தையையும் அவளைப் போலவே சொல்லிக்கொள்ள முடிந்தது. இது ஒன்றை அவர் கேட்கவே இல்லை.

குழுவில் அவர் இதையெல்லாம் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவைத்திருந்தார். தெரியாததைத் தெரிந்த மாதிரி நூற்று நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவருடைய வாய் அதற்குப் பழகியதில்லை. ஐந்தாவது நாள் குழுவில் டீச்சர் பேசினார். பார்வையற்றோர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர். நாளைக்குப் போன் மாற்றப் போகிறேன், பழையதைக் கடையிலேயே எடுத்துக்கொள்வார்களாம், வீட்டில் இருக்கிற ஸ்டிக்கரெல்லாம் என் அப்பா இருந்தபோது பேசினது, அதற்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டார். காயில்காரர் வாயைத் திறப்பதற்குள் நாலைந்து பேர் முந்திக்கொண்டார்கள். காயில்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டாரே, குரல் ஸ்டிக்கருக்குள்தான் இருக்கும், கவலையே படாதீர்கள் என்றார்கள். ஒருவர் அவருடைய பழைய பதிவையே தேடியெடுத்துப் போட்டார். கல்லில் செதுக்கின மாதிரி என்று அவர் குரலே அவருக்குச் சொன்னது.

அவர் போனை எடுத்தார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலும் பதிவில் போனது, அழிக்கவில்லை.

"காயில்காரர் பேசுறேன். டீச்சர், போனை மாத்தாதீங்க. நான் சொன்னது தப்பு. குரல் ஸ்டிக்கர்ல இல்ல, போன்லதான் இருக்கு. முதல்ல நகல் எடுங்க, எப்படின்னு அப்புறம் சொல்றேன். எனக்கு எப்படித் தெரியும்னா..." போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "எங்க வீட்டம்மா குரலை நான் அழிச்சுட்டேன். நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தப்பதான் அழிச்சேன். கை தட்டினீங்களே, அப்பதான்."

கண்டக்டர்தான் முதலில் வந்தார். "அண்ணே, அண்ணே" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் கூப்பிட்டார். நாற்பது ஸ்டிக்கரும் புதுப் போனுக்கு வந்துவிட்டதாம். "உங்களால பொழச்சுது அண்ணா" என்றார். பின்னால் ஒரு வயதான குரல் எதையோ சொல்லி ஓய்ந்தது. என்ன சொல்றாரு என்று காயில்காரர் கேட்டார். இது மளிகை அலமாரி, கதவை மூடாம விட்டுட்டுப் போகாதேன்னு திட்றாரு என்றார் டீச்சர், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும். நல்லா இருங்க டீச்சர் என்று வைத்தார்.

வைத்தவர் கட்டிலுக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போனைத் தலைப்பலகைக்குக் கீழே கொண்டுபோனார். எதற்கு என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. புது ஸ்டிக்கர் என்றது போன். மணி அடித்ததும் பெயரைச் சொல்லவும் என்றது. மணியும் அடித்தது. வேண்டாம் என்று தட்டுவதற்கு அவர் கை போகவில்லை.

"அப்படி என்னதான் சொன்னே?" என்று பலகைப் பக்கம் திரும்பிக் கேட்டார். "என்னன்னு சொல்லேன்."

பெயர் பதிவாகிவிட்டது என்றது போன்.

அவர் பதறிப்போய்ப் போனை இழுத்தார். இழுத்த கை தடுமாறி மறுபடியும் பலகையில் பட்டது. அவள் சொல்லி வைத்திருந்த இடத்திலிருந்து, அவருடைய குரல் அவரிடமே கேட்டது, அப்படி என்னதான் சொன்னே என்று.